வெளிநாட்டில் இருந்தபடி நூலக மின்நூல்களை இ-ரீடரில் இரவல் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உள்ளூர் நூலகத்தின் உறுப்பினர் அட்டையை வைத்துக்கொண்டு மின்நூல்களை இரவல் வாங்கிப் படித்துப் பழகியவர்களுக்கு, வெளிநாட்டுப் பயணம் உறுதியானதும் எழுகிற முதல் ஐயம், இந்த வசதி அங்கும் கிடைக்குமா என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் இந்த இரவலில் மூன்று நாடுகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன: உங்கள் நூலகம் இருக்கும் நாடு, உங்கள் இ-ரீடரின் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு, பொத்தானை அழுத்தும் நேரத்தில் நீங்கள் இருக்கும் நாடு. எல்லோரும் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி. நடைமுறையில் வழியை அடைப்பவை முதலிரண்டும்தான். அவற்றையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே சரிசெய்துகொள்ளலாம். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது.

இரவலுக்குப் பின்னால் நடப்பது

மின்நூலுக்கு எண்ணற்ற படிகள் எடுக்கலாம் என்றாலும் நூலகங்கள் அப்படிச் செய்ய முடியாது. நூலகம் வாங்குவது உரிமத்தை மட்டுமே. ஓர் உரிமத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்தலாம் என்பது பரவலான ஏற்பாடு. அதனால்தான் கணினிக் கோப்பு ஒன்றுக்காக நாம் வாரக்கணக்கில் வரிசையில் காத்திருக்கிறோம். சில பதிப்பகங்கள் உரிமத்துக்கு ஆயுளும் வைத்திருக்கின்றன. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-இல் 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடிந்துவிடும் என்று அறிவித்தபோது, நூலகர்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது.

பதிப்புரிமை நாடுவாரியாகப் பிரித்து விற்கப்படுவது. ஒரே நாவலை ஒரு நாட்டில் ஒரு பதிப்பகமும் இன்னொரு நாட்டில் வேறொரு பதிப்பகமும் வெளியிட்டிருக்கலாம். நூலகத்துக்குக் கிடைக்கும் உரிமம் அந்த நாட்டுப் பதிப்புக்கு உரியது. இதனால் ஒரு சில நூல்களை மட்டும், வெளிநாட்டு இணைய இணைப்பிலிருந்து இரவல் வாங்க முடியாதபடி பதிப்பகமே தடுத்துவைக்கிறது. எல்லா நூல்களுக்கும் அப்படி இல்லை என்பது ஆறுதல். தடை இருந்தாலும் அது இரவல் வாங்கும் கணத்துக்குத்தான். ஏற்கெனவே வாங்கிக் கருவியில் இறக்கிவிட்ட நூலை எந்த நாட்டில் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

உங்களிடம் எந்தக் கருவி இருக்கிறது?

இங்கேதான் வழிகள் பிரிகின்றன. ஆங்கிலம் பேசும் நாடுகளின் பொதுநூலகங்கள் பலவற்றுக்கு மின்நூல் வழங்குவது அமெரிக்காவின் ஓவர்டிரைவ் நிறுவனம். வாசகர்கள் பயன்படுத்தும் அதன் செயலி லிபி, 2017-இல் வந்தது. அதற்கு முன்பிருந்த ஓவர்டிரைவ் செயலி 2023-இல் மூடப்பட்டுவிட்டது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் அந்தப் பழைய செயலியை வைத்தே எழுதப்பட்டவை என்பதால், படங்களில் உள்ள பொத்தான்கள் உங்கள் திரையில் இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

கிண்டில் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கசப்பான செய்தி ஒன்று உண்டு. கிண்டிலுக்கு நூலக மின்நூல்களை அனுப்பும் வசதி 2011 செப்டம்பரில் தொடங்கியது; அன்றிலிருந்து அது அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உரியது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் நூலக அட்டையை வைத்துக்கொண்டு லிபியில் எவ்வளவு தேடினாலும் கிண்டிலுக்கு அனுப்பும் வாய்ப்பு தென்படாது. அது உங்கள் தவறு அன்று, கருவியின் கோளாறும் அன்று.

கோபோ கருவிகளில் இந்தக் கட்டுப்பாடு குறைவு. 2016-இல் வந்த கோபோ ஆரா ஒன் தொடங்கி, ஓவர்டிரைவ் வசதி கருவிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. பாக்கெட்புக் முதலான பிற கருவிகள் அடோபி நிறுவனத்தின் நகல் தடுப்புப் பூட்டு போட்ட இ-பப் (பரவலான மின்நூல் வடிவம்) கோப்புகளைத் திறக்கும். ஆண்ட்ராய்டில் இயங்கும் மின்மைத் திரை (தாளைப் போலத் தோன்றும் இ-இங்க் திரை) கருவிகளில், எடுத்துக்காட்டாக ஓனிக்ஸ் பூக்ஸ் வகையில், லிபி செயலியையே நேரடியாக நிறுவிக்கொள்ளலாம். பயணத்தில் தலைவலி மிகக் குறைந்தது இந்த வகை என்பது என் கருத்து. மின்கலம் சீக்கிரம் தீர்வதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹூப்லா போன்ற வேறு சில நூலகச் சேவைகள் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் உரியவை; கிண்டிலிலோ கோபோவிலோ அவற்றின் நூல்களைப் படிக்க முடியாது.

முதல் படி: கிளம்பும் முன் அட்டையைப் பாருங்கள்

நூலக அட்டைக்கு முடிவுத் தேதி உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையோ புதுப்பிக்க வேண்டியிருக்கும். புதுப்பிக்கும்போது பல நூலகங்கள் முகவரிச் சான்றை நேரில் காட்டச் சொல்லும். பயணத்தின் நடுவில் என் அட்டை காலாவதியாகிவிட்டது. லிபியில் அட்டை அப்படியே தெரிந்தது, அலமாரியில் நூல்களும் இருந்தன, ஆனால் இரவல் பொத்தானைத் தொட்டால் "நூலகத்தைத் தொடர்புகொள்ளவும்" என்ற ஒரு வரிதான் வந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன். மின்கட்டண ரசீதுடன் நேரில் வரச் சொல்லிப் பணிவான பதில் வந்தது. அதன்பின் ஆறு வாரங்கள் கைவசம் இருந்த பழைய நூல்களையே திரும்பப் படித்தேன். எனவே அட்டையின் முடிவுத் தேதியைப் பார்த்து, நீங்கள் திரும்பி வரும் நாளுக்கு முன்பே அது தீர்ந்துவிடும் என்றால், இப்போதே நூலகத்துக்குப் போய்ப் புதுப்பித்துவிடுங்கள்.

அடுத்து, பின் எண். லிபி அதை நினைவில் வைத்துக்கொள்வதால் நாம் மறந்துவிடுகிறோம். கைப்பேசி தொலைந்தாலோ செயலியை மீண்டும் நிறுவ நேர்ந்தாலோதான் அது தேவைப்படும். அப்போது பார்த்துப் புதிய பின் எண்ணுக்கான குறுஞ்செய்தி, வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்த சிம் கார்டுக்குப் போய்ச் சேரும். அட்டை எண்ணையும் பின் எண்ணையும் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது பழைய பழக்கம்தான், ஆனால் பயன் தருவது. நூலகக் கணக்கில் கைப்பேசி எண்ணுடன் மின்னஞ்சல் முகவரியும் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அமேசான், கோபோ, அடோபி கணக்குகளுக்கும் இதே கவனம் வேண்டும்: இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடு ஊர் எண்ணுக்கு மட்டுமே வரும்படி இருந்தால், குறியீடு உருவாக்கும் செயலிக்கு மாற்றிவிடுங்கள்.

லிபியை இரண்டாவது கருவி ஒன்றிலும் அமைத்துவைப்பது நல்லது. அமைப்புகள் பகுதியில் வேறு கருவிக்கு நகலெடுக்கும் குறியீட்டு எண் கிடைக்கும். புதிய கருவியில் அதை இட்டால் அட்டைகள், இரவல்கள், முன்பதிவுகள் எல்லாம் அங்கும் வந்துவிடும். செயலியை நிறுவ முடியாத நிலையில் உலாவியிலேயே லிபியைத் திறந்து பயன்படுத்தலாம்.

இரண்டாம் படி: கணக்கின் நாட்டை மாற்றாதீர்கள்

வெளிநாட்டில் சில வாரங்கள் தங்கினால், உங்கள் கணக்கை அந்த நாட்டுக் கடைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று இ-ரீடர் நிறுவனம் கனிவாகக் கேட்கக்கூடும். நூலக இரவல் வேண்டுமென்றால் மறுத்துவிடுங்கள். கிண்டிலில் நூலக நூல்கள் வந்து சேர்வது அமேசானின் அமெரிக்கக் கடையில் உள்ள கணக்குக்குத்தான். கணக்கை வேறு நாட்டுக் கடைக்கு மாற்றிவிட்டால், அட்டை சரியாக இருந்தும் நூல் வராது. கோபோவிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே: ஓவர்டிரைவ் வசதி எல்லா நாடுகளிலும் இல்லை, கணக்கு பதிவான நாட்டில் அது இல்லையென்றால், அமைப்புகளில் அதற்கான வரியையே காண முடியாது.

மூன்றாம் படி: நூலைக் கருவிக்குக் கொண்டுவருதல்

கிண்டில் வழி எளிது. லிபியில் நூலை இரவல் வாங்கியதும், எதில் படிக்கப் போகிறீர்கள் என்று அது கேட்கும். கிண்டிலைத் தேர்ந்தெடுத்தால் அமேசான் பக்கம் திறக்கும். கணக்கில் நுழைந்து, நூல் எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்பதைக் குறித்து, நூலகப் புத்தகத்தைப் பெறும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு கிண்டிலை வைஃபையில் இணைத்து ஒத்திசைத்தால் நூல் வந்துவிடும். முன்பெல்லாம் கோப்பைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி கம்பி வழியாகக் கிண்டிலுக்கு மாற்ற முடிந்தது. அந்த வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்திவிட்டது. ஆகையால் கிண்டில்காரர்களுக்கு வைஃபை தவிர வேறு வழி இல்லை.

கோபோவில், அமைப்புகளுக்குள் உள்ள கணக்குகள் பகுதியில் ஓவர்டிரைவைத் தேர்ந்து, நூலகத்தின் பெயரைத் தேடி, அட்டை எண்ணும் பின் எண்ணும் இட்டு ஒரு முறை இணைத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் கட்டாயம் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மின்மைத் திரையின் மந்தமான விசைப்பலகையில் 14 இலக்க அட்டை எண்ணைத் தட்டுவது, விடுதியின் நலிந்த இணைப்பில் செய்யத் தகுந்த வேலை அன்று. இணைத்துவிட்டால், கைப்பேசியின் லிபியில் வாங்கிய நூலும் ஒத்திசைக்கும்போது கோபோவில் தோன்றும், அட்டை ஒன்றே என்றால்.

மூன்றாவதான அடோபி வழி சுற்றுவழி, ஆனால் பிற கருவிகள் பலவற்றுக்கும் பொதுவழி. கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளை நிறுவி, அடோபி கணக்கைக் கொண்டு அதற்கு அங்கீகாரம் கொடுக்க வேண்டும். நூலகத் தளத்திலிருந்து இறங்கும் கோப்பைக் கண்டு பலர் ஏமாந்துபோவார்கள்: சில கிலோபைட் அளவே உள்ள அந்தக் கோப்பு நூல் அன்று, நூலைப் பெறுவதற்கான சீட்டு. அதை இ-ரீடரில் நகலெடுத்துப் போட்டால் எதுவும் திறக்காது. அடோபி மென்பொருளில் திறந்தால்தான், அது உரிமத்தைச் சரிபார்த்து உண்மையான நூலை இறக்கும். அதன்பின் இ-ரீடரைக் கம்பியால் கணினியில் செருகினால், மென்பொருளின் இடப்பக்கத்தில் கருவியின் பெயர் தோன்றும். நூலின் அட்டைப்படத்தை இழுத்து அதன்மேல் விட வேண்டும். பாக்கெட்புக் கருவிகளில் கருவிக்குள்ளேயே அடோபி கணக்கை இட்டு, கணினி இல்லாமலே சீட்டைத் திறக்க முடியும்.

இந்த வழியில் மூன்று இடங்களில் இடறுகிறோம். ஒன்று, கம்பி. கைப்பேசி மின்னேற்றிகளுடன் வரும் மலிவான கம்பிகள் சில மின்சாரத்தை மட்டுமே கடத்தும். கருவியில் மின்னேறும் குறி தெரியும், கணினியில் கருவி தெரியாது. தகவலையும் கடத்தும் கம்பியை வீட்டிலேயே சோதித்துப் பெட்டியில் வையுங்கள். இரண்டு, கணக்கு. சீட்டை ஓர் அடோபி கணக்கில் ஒருமுறை திறந்துவிட்டால், வேறு கணக்கில் திறக்க முயன்றால் உரிமம் வேறொருவருக்குப் போய்விட்டது என்ற பிழைச்செய்தி வரும். நண்பரின் கணினியைக் கடன் வாங்கி, அதில் அவர் கணக்கு இருப்பதைக் கவனிக்காமல் திறப்பவர்களுக்கு இது நேர்கிறது. ஒரு கணக்கில் அங்கீகரிக்கும் கருவிகளின் எண்ணிக்கைக்கும் 6 என்ற வரம்பு இருக்கிறது. பழைய கணினிகளை விடுவிக்காமல் தூக்கியெறிந்தவர்கள், புதிய மடிக்கணினியை இணைக்கும்போது இந்த வரம்பில் முட்டுவார்கள். மூன்று, கடிகாரம். நூலின் முடிவு நாள் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கணினியிலோ கருவியிலோ தேதி தவறாக இருந்தால், நேற்று வாங்கிய நூல் காலாவதியானதாகத் தெரியும். மின்கலம் அடியோடு தீர்ந்து மீண்ட கருவியில் தேதியை முதலில் பாருங்கள்.

விடுதி வைஃபை என்னும் சோதனை

வெளிநாட்டில் நூல் வரவில்லை என்று புலம்பும்போது, நாம் உரிமத்தைச் சந்தேகிப்போம். காரணம் பெரும்பாலும் வைஃபையாக இருக்கும். விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் இணைந்தவுடன் ஓர் இணையப் பக்கம் திறந்து, அறை எண்ணையோ ஒப்புதலையோ கேட்கிறது. இ-ரீடரின் எளிய உலாவியில் அந்தப் பக்கம் பாதிதான் திறக்கும், சிலசமயம் திறக்கவே திறக்காது. கருவியோ இணைப்பு இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து கைப்பேசியின் ஹாட்ஸ்பாட். அதிலும் ஒரு நுணுக்கம்: பழைய கிண்டில்களும் கோபோக்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். இன்றைய கைப்பேசிகளோ 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட்டைத் திறக்கக்கூடும். அப்போது மடிக்கணினியில் தெரியும் ஹாட்ஸ்பாட் இ-ரீடரின் பட்டியலில் இருக்காது. ஐஃபோனில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் உள்ள 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தானை இயக்கினால் போதும். ஆண்ட்ராய்டில் அலைவரிசையை 2.4 என்று மாற்ற வேண்டும். தரவுச் செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். படங்கள் இல்லாத நாவல் ஒன்று பெரும்பாலும் ஒன்றிரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதே நேரத்தில் கருவி மென்பொருள் புதுப்பிப்பை இறக்கத் தொடங்கினால் கதை வேறு. நூல் வந்ததும் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

முன்பதிவும் தவணையும்

இரவல் காலம் நூலகத்தைப் பொறுத்து 7, 14 அல்லது 21 நாள்களாக இருக்கும். லிபியில் நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் நீண்டதைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவு செய்த நூல் உங்கள் முறைக்கு வந்தால், அதைப் பெற்றுக்கொள்ள லிபியில் 3 நாள் அவகாசம் உண்டு. இணைய இணைப்பில்லாத மலைப்பகுதியில் நான்கு நாள் நடந்துவிட்டு வந்தால், அந்த முறை உங்களைத் தாண்டிப் போயிருக்கும். வரிசையில் இடத்தை இழக்காமல் நூலை மட்டும் சில நாள் கழித்துத் தரச் சொல்லும் வசதி லிபியில் இருக்கிறது. பயண நாள்காட்டியைப் பார்த்து, ஒவ்வொரு முன்பதிவுக்கும் அதை முன்கூட்டியே இட்டுவைக்கலாம். எனக்கு இந்தச் செயலியில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

விமானப் பயன்முறை உத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிண்டிலில் வைஃபையை அணைத்தே வைத்திருந்தால், தவணை முடிந்த பிறகும் நூல் கருவியில் கிடக்கும். மீண்டும் இணைக்கும்போதுதான் அது மறையும். நூலகத்தின் கணக்கில் உரிமம் உரிய நாளிலேயே விடுபட்டு அடுத்தவருக்குப் போய்விடுவதால், காத்திருப்பவருக்கு நட்டமில்லை. கடைசி இரண்டு அத்தியாயங்களை முடிக்க இதைப் பயன்படுத்துவதில் எனக்கு உறுத்தல் இல்லை. மாதக்கணக்கில் நீட்டிப்பது வேறு. இதில் ஒரு பொறியும் இருக்கிறது: அணைத்துவைத்திருக்கும் வரை புதிய நூல் எதுவும் வராது. அடோபி பூட்டு போட்ட கோப்புகளில் இந்த உத்தி செல்லாது, ஏனெனில் அங்கே முடிவைத் தீர்மானிப்பது கருவியின் கடிகாரம்.

கிண்டிலில் நீங்கள் இட்ட குறிப்புகளும் அடிக்கோடுகளும் நூல் திரும்பிப் போன பின்னும் அமேசான் கணக்கில் இருக்கும். அதே நூலை மறுபடி இரவல் வாங்கினால் அவை திரும்பத் தோன்றும். அடோபி வழியில் இறக்கிய நூலை முன்னதாகத் திருப்பித் தர விரும்பினால், அடோபி மென்பொருளுக்குள்ளிருந்தே தர வேண்டும். லிபியில் அதற்கு வழி இருக்காது.

நாட்டுத் தடை வந்தால்

நீங்கள் இருக்கும் இடத்தில் இந்த நூல் கிடைக்காது என்ற செய்தி வந்தால், விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டும் இணைப்பு) போட்டுத் தாண்டிவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நூலகம் கையெழுத்திட்ட உரிம ஒப்பந்தத்தை வாசகரே மீறுவதாகும் என்பது ஒரு காரணம். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விபிஎன்தான் சிலசமயம் நம்மைத் தவறான நாட்டில் காட்டி இந்தத் தடையையே வரவழைக்கிறது என்பது இன்னொன்று. எனவே அலுவலக விபிஎன் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அணைத்துவிட்டு முயலுங்கள். அப்படியும் மறுத்தால் அந்த நூலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே நேரத்தை மிச்சப்படுத்தும். இதற்காகத்தான், கட்டாயம் படிக்க வேண்டிய நூல்களைக் கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு இரவல் வாங்கிக் கருவியில் இறக்கி, ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து முதல் பக்கம் தெரிகிறதா என்று பார்த்துவிடச் சொல்கிறேன். அட்டைப்படம் மட்டும் வந்து உள்ளே எதுவும் இறங்காமல் இருப்பது, விமானம் மேகத்துக்கு மேலே போன பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

நீண்ட காலம் தங்குபவர்களுக்கு

படிப்புக்கோ வேலைக்கோ போயிருப்பவர்கள் ஊர் அட்டையையே நம்பியிருக்கத் தேவையில்லை. குடியிருப்புச் சான்று கிடைத்ததும் அங்குள்ள பொதுநூலகத்தில் சேர்ந்துவிடுங்கள். லிபியில் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளைச் சேர்க்கலாம், ஒரே தேடலில் எல்லா நூலகங்களையும் துழாவலாம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து நூலகங்கள் பலவற்றில் போரோபாக்ஸ் என்ற சேவையும் இருக்கும். தமிழ் நூல்களைத் தேடுபவர்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் தொகுப்பு தனிச்சிறப்பானது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாடு என்பதால், அங்கே தமிழ் மின்நூல்களை லிபி வழியாகவே இரவல் பெறலாம்.

அட்டையே இல்லாத இடைவெளி நாள்களுக்கு, பூட்டு இல்லாத நூல்களைக் கையிருப்பில் வைத்திருங்கள். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும், ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்திலும் தவணையோ நாட்டுத் தடையோ இல்லாத தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் சேவை 2022 முதல் இ-பப் வடிவத்தை ஏற்றுக்கொள்கிறது. கோபோவில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், கருவியைக் கணினியில் இணைத்து, ஆங்கிலத்தில் 'ஃபான்ட்ஸ்' என்று பெயரிட்ட கோப்புறை ஒன்றை உருவாக்கி, யூனிகோடு தமிழ் எழுத்துரு ஒன்றை அதில் போட்டுவிட்டு, நூலைத் திறந்து எழுத்துருப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். இதற்கும் தகவல் கடத்தும் கம்பி தேவை என்பதால், கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.